எந்த வீட்டில் என்ன அரிசி

சுனாமி வந்த மறுநாள் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து எலுமிச்சை சாதம் கிளறி, பொட்டலம் கட்டி, கடற்கரைக் குப்பமான தேவனாம்பட்டினத்துக்கு அனுப்பினோம். தொடர்ந்து சில நாள் அனுப்பினோம். அதற்குள் வெளியூர் லாரிகள் நிற்க இடமில்லாமல் வந்து குவிந்தன. ஒருநாள் எங்கள் பொட்டலங்கள் அப்படியே திரும்பி வந்தன. கடலூரில் அன்றைக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. உயிருக்கும் வீட்டுக்கும்தான் பஞ்சம். எங்களுக்கு அது புரியாமல் இல்லை, ஆனாலும் முகம் சுருங்கிப் போனது. உதவி செய்து நாலு பேர் வாயால் நல்ல பெயர் கேட்கிற ருசி எங்களுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த ருசி போவதற்குள் டீச்சரம்மா பிடி அரிசி யோசனையைச் சொன்னார். தெருக்கோடி வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் ஒருத்தி பையோடு வருவாள், டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். சேர்கிற அரிசி அக்கம்பக்கத்தில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குப் போகும். எங்கள் தெருவில் கிறிஸ்தவர் வீடுகளில் சர்ச்சுக்கு இப்படி எடுத்துவைக்கிற பழக்கம் முன்பே உண்டு. மற்றவர்களும் சரி என்றார்கள்.

பை தூக்கும் வேலை எனக்கு வந்தது. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். எந்த வாசலிலும் கூச்சமில்லாமல் நிற்பேன், வாயும் பெரிசு. வசூலுக்கு இது போதும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

மூன்று வருஷம் நன்றாகவே நடந்தது. ஒரே ஒரு பெரிய பை. எல்லாரும் டப்பாவைப் பைக்குள் நன்றாக விட்டுத்தான் கவிழ்ப்பார்கள். கீழே சிந்தாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரிசி வாங்கிய குடும்பங்களில் ஒன்று எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தது. புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். வண்டி கவிழ்ந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. அந்தப் பெண் அழுதுகொண்டு உட்காரவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ்களில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து, கேரியரில் வைத்து, டவுன் பஸ்ஸில் தானே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள். ஆறு பேர் சேர்ந்தார்கள். கைப்பக்குவம் உள்ளவள். அவள் வைக்கிற மொச்சைக்கொட்டைக் குழம்பு வாசனைக்கு நான் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருநாள் ஒரு டிபன் பாக்ஸோடு வந்து என் மிஷின்மேல் வைத்தாள்.

"அக்கா, இத கொஞ்சம் வாயில போடுங்க."

வெறும் சோறு. போட்டேன். ஒரு பருக்கை கூழாகக் கரைந்தது, அடுத்த பருக்கை பல்லில் நொறுக்கென்றது.

"என்னாடி இது, களியும் கல்லுமா இருக்குது?"

"உங்க பை அரிசிதான். பச்சரிசி, பொன்னி, ரேஷன், எல்லாம் ஒண்ணா கெடக்குது. ஒண்ணு வெந்தா ஒண்ணு வேவல. வீட்டுக்குன்னா கொழச்சி கஞ்சியா குடிச்சிடுவோம். ஆபீஸ்காரங்க குடிப்பாங்களா? ரெண்டு பேரு நிறுத்திட்டாங்க. மீதி நாலு பேரு இந்த வாரம் பாக்குறோம்னாங்க."

"கடையில வாங்கி ஆக்கேன்."

"வாங்கத் தெம்பு இருந்தா உங்க பைக்கு எதுக்குக்கா நிக்கப்போறேன்? கொறச்சலா குடுங்க, பரவால்ல. ஒரே அரிசியா குடுங்க. ரெண்டு மாசம் ஓட்டிட்டேன்னா அப்புறம் நானே வாங்கிக்குவேன். இது போச்சுன்னா அவ்ளோதான், வீட்டு வேலைக்குத்தான் போவணும். அவர யாரு பாத்துக்கறது?"

நேராக டீச்சரம்மாவிடம் போனேன். அவருக்கு வேறு விஷயம் உறுத்தியது.

"சாப்பிடக் குடுத்தத சமைச்சு விக்கிறாளா?"

"வித்தா என்ன டீச்சர்? அவ காலூனிட்டா நாம குடுக்கவே வேணாமே."

"அது சரிதான். அதுக்காக வாசல்ல நின்னு இந்த அரிசி குடு, அந்த அரிசி குடுன்னு கேப்பியா? எதுக்கும்மா வம்பு. வர்றத வாங்கிட்டு வா."

எனக்கு யாராவது வேண்டாம் என்று சொன்னால்தான் கை சும்மா இருக்காது. அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பை தைத்தேன். வெள்ளைப் பை பொன்னிக்கு, நீலம் பச்சரிசிக்கு, காவி ரேஷன் அரிசிக்கு. தைத்து முடித்ததும் எனக்கு ரொம்பப் பெருமை. இத்தனை நாள் இது ஒருத்திக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முதலில் மாடி வீட்டுக்குப் போனேன். வசதியான குடும்பம், பெண்ணாடம் பக்கம் நிலம், கொல்லையில் மாடு. அறுவடையானால் பொன்னி மூட்டைகள் அவர்கள் வாசலில் இறங்குவதைத் தெருவே பார்க்கும். அந்த வீட்டம்மாவை அத்தை என்றும் அவர் வீட்டுக்காரரை மாமா என்றும் கூப்பிடுவேன். அத்தை டப்பாவோடு வந்தார். மூன்று பையையும் விரித்துக் காட்டினேன்.

"எந்த அரிசின்னு பாத்துப் போடுங்க அத்த."

அவர் போடவில்லை. "எல்லாம் ஒண்ணுதாம்மா. எதுலயாவது வாங்கிக்க."

நான் எட்டிப் பார்த்தேன். பழுப்பாகக் குண்டு குண்டாக ரேஷன் அரிசி.

"ஏன் அத்த, நெலத்துப் பொன்னி மூட்ட மூட்டயா கெடக்குதே, ரேஷன் அரிசி எதுக்கு வாங்கறீங்க? மாட்டுக்கா?"

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா குரல் கொடுத்தார். "ஏம்மா, நீ அரிசி வாங்க வந்தியா, ரெய்டுக்கு வந்தியா?"

சிரித்தேன். மாட்டினார்கள் பார் என்று இருந்தது. அடுத்த வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தேன். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் எனக்கு இன்றைக்கு ஒரு வருத்தமும் இருக்காது. மாடு தின்கிறதை மனுஷனுக்குக் கொடுத்தவர்கள் வெட்கப்பட்டால் படட்டும்.

ஆனால் அன்றைக்கு இஸ்திரி வண்டிக்காரர் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவிதான் எங்கள் தெருவிலேயே டப்பா நிறையக் கொடுப்பவள். துணி வாங்க வந்த இரண்டு பெண்கள் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவள் டப்பாவோடு வந்தாள், மூன்று பையையும் பார்த்தாள், நின்றுவிட்டாள்.

"எதுலக்கா போடணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க என்ன அரிசி ஆக்குறீங்க?" நான் மெதுவாகக் கேட்கவில்லை. எனக்கு மெதுவாகப் பேச வராது.

அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். நானே எட்டிப் பார்த்துவிட்டு, காவிப் பையைத் திறந்து நீட்டினேன். வண்டிப் பக்கத்தில் நின்றவர்கள் பையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். அவள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். கையில் டப்பா இல்லை, மளிகைக்கடைப் பொட்டலம். நூல்கூடப் பிரிக்கவில்லை. நான் கேட்பதற்கு முன்பே வெள்ளைப் பையில் போட்டாள்.

"பொன்னிக்கா" என்றாள்.

தன் பிள்ளைகளுக்கு ரேஷன் அரிசி ஆக்கிப் போட்டுவிட்டு, என் பைக்காகக் கடையில் பொன்னி வாங்கியிருக்கிறாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவைப் பைக்குள் விட்டுக் கவிழ்த்தது சிந்தாமல் இருக்க அல்ல. மூன்று வருஷமாக எந்த வீட்டில் என்ன அரிசி என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதனால்தான் இருக்கிறவளும் இல்லாதவளும் கூச்சமில்லாமல் கொடுத்தார்கள். அதைத்தான் நான் கலர் கலராகப் பை தைத்துக் கெடுத்தேன்.

அதற்கடுத்த வாரம் அவள் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "இந்த வாரம் எடுத்துவெக்க மறந்துட்டேங்கா" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. மாடி வீட்டில் அதுகூட வரவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் கேரியர் வியாபாரம் நிமிர்ந்திருந்தது. வெள்ளைப் பை அரிசியில் சோறு பூவாக வந்தது. நின்ற இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், புதிதாக இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். அந்தப் பெண் இரவல் கேரியர் கேட்டு என் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தது நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பை நான் அதற்குப் பிறகு அவள் முகத்தில் பார்க்கவில்லை. பை வாரா வாரம் இளைத்தது.

தெரு என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், திருப்பிக் கொடுத்திருப்பேன். என்னை ஒருத்தரும் திட்டவில்லை. என் வாய்க்குப் பயந்து எல்லாரும் கேரியர்காரப் பெண்ணைப் பிடித்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் என் காதிலேயே விழுந்தது.

"அவ பொன்னிதான் வேணும்னாளாம்."

"ஓசிச் சோத்துக்கு நாக்கு நீளம் ஜாஸ்தி."

"கேட்டு வாங்கி வித்துக் காசு பாக்குறா, நாம இங்க புடிப் புடியா எடுத்துவெச்சிட்டு இருக்கோம்."

குடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். கேட்டது அவள் அல்ல, பை தைத்தது நான் என்றேன். மாட்டுத் தீனியைத் தர்மம் என்று போட்டவர்களுக்குப் பேச்சு வேறயா என்றேன். மாடி வீட்டைப் பார்த்தே சொன்னேன். அதோடு மிச்சமிருந்த வீடுகளிலும் டப்பா நின்றது. டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு, "போதும்மா, விட்டுடலாம்" என்றார். திட்டவில்லை. அவர் திட்டியிருக்கலாம். பிடி அரிசி வாங்கிக்கொண்டிருந்த மற்றக் குடும்பங்களுக்கும் அன்றோடு நின்றது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

அன்று சாயங்காலம் கேரியர்காரப் பெண் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, எனக்காகச் சண்ட போடாதீங்க. நீங்க ஒரு தடவ கத்துறீங்க, நான் ஒரு வாரம் வெளிய தல காட்ட முடியல. என் புள்ளய பள்ளிக்கூடத்துல பொன்னி பொன்னின்னு கூப்புடுறாங்களாம்."



கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தாள். முடியவில்லை. ஒவ்வொரு கேரியராக நின்றது. சிதம்பரத்தில் அவள் சொந்தக்காரர் ஒருவர் மாணவர்களுக்கு மெஸ் நடத்தினார். சமையலுக்கு ஆள் வேண்டும் என்றாராம். புருஷனை ஒரு வேனில் படுக்கவைத்து, பிள்ளைகளோடு போய்விட்டாள். போகும்போது என் கேரியரைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

சில வருஷம் கழித்து, ஒரு பெரும்புயல் அடித்துப்போன பிறகு, ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளைக் கொடுக்கச் சிதம்பரம் போனேன். விசாரித்துக்கொண்டு அந்த மெஸ்ஸுக்கும் போனேன். புருஷன் குச்சியூன்றி நடக்கிறான். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"வாங்கக்கா! என்னா இப்படி எளச்சிட்டீங்க? பேச ஆள் கெடைக்கலயா?"

இலை போட்டு உட்காரவைத்தாள். சோறு நன்றாக இருந்தது. சொன்னேன்.

"இங்க அரிசிக்கு என்னாக்கா கொற, மூட்ட மூட்டயா எறங்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சம்பளம் குடுக்கறாங்க, தங்க எடம் குடுக்கறாங்க, கொற சொல்லக்கூடாது. ஆனா உப்பு ஜாஸ்தின்னு ஒரு பையன் சொன்னாலும் மொதலாளிக்குப் பதில் சொல்லணும். இவரு இப்ப எழுந்து நடக்கறாரு. எனக்கு மறுபடியும் கேரியர் போடணும்னு இருக்குது. கடலூர்ல ஒரு வீடு பாருங்களேன், கூடம் சின்னதா இருந்தாலும் பரவால்ல, சமையக்கட்டு பெருசா."

எனக்கு இலையில் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். "பாக்குறதென்ன? அந்தப் பின்கட்டு காலியாத்தான் கெடக்குது. நாளைக்கே பேசறேன்" என்றேன்.

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"கடலூர்ல எங்க வேணா பாருங்கக்கா. நம்ம தெரு மட்டும் வேணாம்."

சரி என்றேன். அந்தத் தெருவில்தான் நான் இன்னும் குடியிருக்கிறேன்.