யோகம் அக்காவும் ஓடி முடித்த நாயும்

யோகம் அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகன் சிட்னியிலிருந்து தொலைபேசியில் சொன்னான். “அம்மா நித்திரையிலை போட்டா, அங்கிள்.” நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள், “அந்த நாயைத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை” என்றான். தாயை இழந்தவனோடு கோபிக்கக் கூடாது என்று போனை வைத்தேன். பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். வரிசையாகக் கூப்பிய கைகள். நடுவில் ஒருவர் சனிக்கிழமைக்கு மட்டன் ரோல்ஸ் ஓடர் எடுப்பதாக அறிவித்திருந்தார். அதற்குத்தான் பதில்கள் குவிந்திருந்தன.

மெல்பேர்ன் பக்கம் வெரிபீயில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் அக்காவும் நானும் ஒன்றாகச் சமையல் வேலை செய்தோம். நாங்கள் சாப்பிடும் அறைத் தொலைக்காட்சியில் நாய் ஓட்டம் காட்டுவார்கள். கூட வேலை செய்த ஒருவர், நம்மவர்தான், போனில் பந்தயம் கட்டிக்கொண்டே சோறு குழைப்பார். ஒருநாள் வளைவில் ஒரு நாய் விழுந்து உருண்டது. “சனியன், என்ரை காசு போச்சு” என்றார் அவர். அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “ஓட ஏலாமல் போனால் இதுகளை எங்கை கொண்டு போறவங்கள்?” என்று கேட்டார். “ஆருக்குத் தெரியும்?” என்று அந்த மனிதர் சிரித்தார். கொஞ்ச நாளில், ஓட்டத்திலிருந்து கழித்துவிட்ட கிரேஹவுண்ட் ஒன்றை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆள் உயரத்தில் பாதி இருந்த அதற்கு அவர் வைத்த பெயர் சின்னத்தம்பி. அதன் காதுக்குள் அடையாள எழுத்துகளைப் பச்சை குத்தியிருந்தார்கள். “காதிலை கிறுக்க நேரம் இருந்திருக்கு, தடவிக் குடுக்க ஒருத்தனுக்கும் நேரமில்லை” என்பார் அக்கா. கூண்டில் வளர்ந்த பிராணிக்குக் கண்ணாடி என்றால் என்னவென்று தெரியவில்லை. பின்கதவில் முட்டி மூக்கை உடைத்துக்கொண்டது. அக்கா தன் ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து, அதன் கண் உயரத்துக்குக் கதவு முழுக்க ஒட்டினார். வந்த பெண்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். விதவை வாங்கிய பொட்டு நாய்க்கோ என்று காதோடு காதாகப் பேசியதை நானே கேட்டேன். சீ! அக்காவோ, “நான் வைச்சாலும் கதைப்பியள், கதவு வைச்சாலும் கதைப்பியள்” என்று தேத்தண்ணி ஊற்றினார்.

இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அக்காவின் வீட்டில் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். நாயைக் கராஜில் அடைத்துவிட்டார்கள். ஒரு பெரிய மனிதர் எழுந்து, அக்காவின் ஜீவகாருண்யத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பேச்சு முடிந்ததும், சிட்னியிலிருந்து வந்திருந்த மகன் கேட்டான்: “ஆராவது சின்னத்தம்பியைக் கொண்டுபோவியளோ? இல்லாட்டி நாளைக்குக் காப்பகத்திலை விடவேணும்.”

“எங்கடை வீட்டிலை சாமியறை இருக்கு, தம்பி.”

“புதுக் காப்பெட் போட்டிருக்கிறம்.”

ஜீவகாருண்யம் பேசியவர் இறைச்சிக் கறியைத் தட்டில் போட்டபடி, “ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிடு. அதுக்கும் நிம்மதி” என்றார்.

எல்லாரும் புறப்பட வெளியே வந்தால், வாசலில் கழற்றி வைத்த செருப்புகளில் பாதியைக் காணவில்லை. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று போயிருந்தது. கராஜ் கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை. சின்னத்தம்பி அத்தனையையும் தன் படுக்கையில் குவித்து, ஒன்றைக்கூடக் கடிக்காமல், முன்கால்களை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி எங்களை விளையாட அழைத்தது. ஆட்களைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற கூச்சக்காரப் பிராணி அன்று துணிந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மனிதர் ஒற்றைச் செருப்போடு போய் அதை எட்டி உதைத்தார்.

அது குரைக்கவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு வந்து என் முழங்காலுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்தது. அதன் நடுக்கம் என் காலில் ஏறியது. “இனி இது என்ரை நாய். காலைத் தூக்கினால் முறிப்பன்” என்றேன். பத்திரகாளி மாதிரிக் கத்தினேனாம். பிறகு மனைவிக்குப் போன் எடுத்தேன். “சரி, கூட்டிக்கொண்டு வாங்கோ. கட்டிலிலை மட்டும் ஏத்தக் கூடாது” என்றாள். இப்போது கட்டிலில் எனக்குத்தான் இடமில்லை.

அக்காவை அறிந்தவர்களே, அவருடைய நகை யாருக்கு, வீடு யாருக்கு என்பதை நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த நாயைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மண்டபம் எடுத்திருக்கிறார்களாம். அன்றும் ஜீவகாருண்யம் பற்றிப் பேச அதே ஆளைத்தான் அழைத்திருக்கிறார்களாம். தாராளமாகப் பேசட்டும். நான் வரமாட்டேன். அந்த நேரத்தில் சின்னத்தம்பியை நடக்கக் கூட்டிப் போகவேண்டும்.