மச்சான் வயலில் கருத்த மணிகள்

என் நோட்டில் அந்த நாள் தை மாதத்து வெள்ளிக்கிழமை என்று இருக்கிறது. மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், தேவிகாபுரம் பஸ்ஸில் ஆரணிக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு துணிமுடிச்சு. உள்ளே, முதலில் அறுத்த நெல்லை மில்லில் கொடுத்து உமி மட்டும் நீக்கிய அரிசி. வெளுத்த அரிசிக்கு நடுவே அங்கங்கே கருத்த மணிகள்.

"பாரு மாப்ள, உன் கவுனி பண்ண வேலைய. பக்கத்துல நட்டுகினு என் நெல்லயே கெடுத்துட்ட. மில்லுக்காரன் சிரிக்கிறான்யா!"

அவர் வயலை ஒட்டி மனைவிக்குச் சீராக வந்த இருபது சென்ட் நிலத்தில் நான் இரண்டு வருடமாக ஆசைக்குக் கருப்புக் கவுனி நெல் போட்டிருந்தேன். அவருடையது வெள்ளைச் சம்பா. பல வருடமாக அவரே பொறுக்கிச் சேர்த்த விதை; வெளியில் வாங்கவே மாட்டார். அந்த விதை போய்விட்டால் அவரிடம் வேறு இல்லை.

"கவுனிய இனிமே போடாத. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார்.

கீழ்வீட்டு நெசவாளரிடம் பட்டின் இழை எண்ணும் கண்ணாடியை இரவல் வாங்கி மணிகளைப் பார்த்தேன். நிறம் முழுக்க மேல்தோலில்தான் இருந்தது. நூலகத்தில் பார்த்த தாவரவியல் புத்தகம் தெளிவாகச் சொன்னது: அரிசியைப் போர்த்தியிருக்கும் அந்தத் தோல் தாய்ச்செடியின் உடம்பு. நிறமூட்டும் மரபணு தாய்ச்செடியில் இருந்தால்தான் தோல் கருக்கும். காற்றில் வந்த மகரந்தத்தால் அந்த வருடத்து மணியின் நிறம் மாறாது.

எனக்கு ஒரே சந்தோஷம். நான் குற்றவாளி இல்லை! மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

தறிச்சத்தம் பின்னால் ஓய்ந்து, பஸ் வயல்களுக்குள் நுழைந்தபோதுதான் மிச்சக் கணக்கு மனதில் ஓடியது. இந்த வருடத்து மகரந்தம் இல்லையென்றால், நிறம் விதையிலேயே வந்திருக்க வேண்டும். போன வருட நோட்டு பையிலேயே இருந்தது. எடுத்துப் புரட்டினேன். கவுனி பூத்ததும் மச்சானின் சம்பா பூத்ததும் ஒரே வாரம். கார்த்திகையில் என் கையாலேயே எழுதியிருந்தேன். நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சூல்கொள்ளும். எப்போதாவதுதான் அடுத்த பூவின் மகரந்தம் புகும். புகுந்தாலும் அந்த மணி வெள்ளையாகவே இருக்கும். அதை விதைத்து வளரும் செடியின் கதிர்தான் கருப்பாக மணி பிடிக்கும்.

மச்சான் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வடகிழக்கு மூலையில் முதல் பிடியை அறுத்து, சாமிக்குக் காட்டி, அந்த மூலை நெல்லைத்தான் விதைக்கு எடுத்துவைப்பார்கள். அந்த மூலை என் கவுனியை ஒட்டியது. இந்த வருடமும் அந்த நெல் விதைக் குதிருக்குப் போயாகிவிட்டது.

பாதி உண்மையோடு நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவர் விதை கெட்டுக்கொண்டே போயிருக்கும்.

வரப்பில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். மச்சான் நோட்டை வாங்கி, தேதியில் விரல் வைத்துப் படித்தார்.

"அப்போ நீ இந்த வருசம் கெடுக்கல."

"இல்ல மச்சான்."

"போன வருசமே கெடுத்துட்ட."

"ஆமா."

"அத தேதி போட்டு வேற எழுதி வச்சிகினு இருக்க!" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குதிரில் இருந்த நெல்லைச் சமைக்க எடுத்துக்கொண்டார்கள். அறுக்காமல் நின்ற வயலின் நடுவில் இறங்கி, இரண்டு நாள், கதிருக்கு ஒரு மணியை நகத்தால் உரித்துப் பார்த்தோம். வெளுத்தது பைக்கு, கருத்தது மாட்டுக்கு. மச்சானின் மனைவி வரப்புக்கே கூழ் கொண்டுவந்தார். "ரெண்டு கிழவனும் பேன் பாக்குறாங்க" என்று பக்கத்து வயலில் பெண்கள் சிரித்தார்கள். அந்த வெயிலும் விரல் நுனி எரிச்சலும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

கவுனியை நான் நிறுத்தவில்லை. பூக்கும் வாரம் ஒன்றாக வராதபடி நாற்று விடும் நாளைத் தள்ளிவைத்தேன்.

அடுத்த அறுவடைக்கு முன் மச்சானிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, உரிச்சிப் பாத்துட்டேன், வயல் சுத்தமா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கருப்பா நிக்குது. உன் புள்ளதான். ஜல்தியா வந்து கூட்டிகினு போ."