மீன் ஏறும் குழாய்

1991, மழைக்காலம். படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் பேருந்து நிற்கிறது. புதிதாக அகலப்படுத்திய சாலையின் குறுக்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்.

"போட்ட ரோட்டை ஏன் உடைக்கறாங்க?" என்று ஓரத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெண் கன்னியம்மாவைக் கேட்கிறேன்.

"மழ பேஞ்சா ஏரி மீனு முட்ட வுட வாய்க்கால்ல மேல ஏறும் சார். வாய்க்கா தண்ணி போவ ரோட்டுக்கு அடியில போட்ட கொழாய இவுங்க ஒசரத்துல வச்சிட்டாங்க. மீனுங்க எகிறி எகிறி வுழுந்து செத்துக்கினு இருந்துச்சி. ஓவர்சியர இட்டாந்து காட்னேன். மறுநாளே ஆளுங்களோட வந்துட்டாரு."

அந்த ஓவர்சியர் முழங்கால் சேற்றில் நின்று குழாயை வாய்க்கால் தரையோடு பதிக்கிறார். தான் போட்டதைத் தானே உடைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

பள்ளத்தை மூடிவிட்டு, வாய்க்காலை அடைத்திருந்த மண்மூட்டைகளை எடுக்கிறார்கள். தண்ணீர் பாய்கிறது. இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த பயணிகளும் குனிந்து பார்க்கிறார்கள். ஒரு கெண்டை தண்ணீரை எதிர்த்துக் குழாய்க்குள் நுழைகிறது. பின்னாலேயே இன்னொன்று.

நடத்துனர் விசில் ஊதுகிறார். நாங்கள் ஏறி உட்கார்ந்தும் வண்டி கிளம்பவில்லை. ஓட்டுநரைக் காணோம்.

சாலையின் மறுபக்கத்திலிருந்து அவர் குரல் கேட்கிறது. "வந்துடுச்சி! ரெண்டும் வந்துடுச்சி!"