சுருட்டை எங்கே

மலைக் கோயிலில் மொட்டை அடிக்கிற இடத்தில் அன்றைக்கு இருந்தவர்கள்: நைனா. மாமா. அக்கா. நான். சர்ச் தெரு சாமுவேலு. அவனுக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது, என் கூட்டாளி, சும்மா வந்தான். அம்மா இல்லை. அர்ச்சனைத் தட்டு வாங்கப் போயிருந்தாள்.

வேண்டுதல் எனக்காக. கே.ஜி.கண்டிகை போகிற வழியில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஃபுட்பால் அகாடமி ஆரம்பித்திருந்தது. கோல் கம்பம் நீலம், வேலி நீலம். மிச்சப் பெயிண்டில் ரேஷன் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் அடித்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் பிராக்டிஸ். முட்டை, பால், ஷூ, ஸ்கூல் பீஸ் எல்லாம் கம்பெனி செலவு. பசங்களுக்கு மட்டும், பெண்களுக்கு இல்லை. முதல் ரவுண்டில் தேறிவிட்டேன். கடைசி ரவுண்டும் தேறினால் மொட்டை என்று நைனா வேண்டிக்கொண்டார்.

ஆனால் ஆடிக் கிருத்திகை முன்னால் வந்துவிட்டது. செலக்‌ஷன் பின்னால்.

"அப்புறம் தேறலன்னா?" என்றார் மாமா.

"தேறுவான். சாமிய எதுக்கு காக்க வைக்கணும்? இப்பவே குடுத்துட்டு போலாம்."

நைனா பவர்லூம் ஓட்டுகிறவர். எதற்கும் காத்திருந்து பழக்கமில்லை.

என் தலை முடிந்தது. "எனக்கும் அடிங்கண்ணா, வெயிலா கீது" என்று சாமுவேலு உட்கார்ந்தான். அதற்கு வீட்டில் அவனுக்குக் கிடைத்தது தனிக்கதை. அவன் எழுந்ததும் அக்கா உட்கார்ந்தாள். பதிமூன்று வயசு. இடுப்பு வரை ஜடை. நைனா திரும்புவதற்குள் ஜடை கீழே கிடந்தது.

அம்மா வந்தபோது பாதித் தலை போயிருந்தது.

"ஐயோ, நிறுத்துப்பா!"

"பாதியோட நிறுத்துனா நல்லாவா இருக்கும்மா?" என்றார் மொட்டை அடிப்பவர்.

அம்மா நைனாவைப் பிடித்தாள். "பொண்ணு தலைல கத்தி வைக்கிறான். நீங்க பாத்துகினு நிக்கிறீங்க." அக்கா பக்கம் திரும்பினாள். "எதுக்குடி?"

"வேண்டுதல்."

"யாருக்கு?"

அக்கா மீதித் தலையைக் கத்திக்குக் குனிந்து கொடுத்தாள். எனக்காகத்தான் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செலக்‌ஷன். கோச் கேரளாக்காரர். எங்கள் பேர் அவர் வாயில் நிற்காது. முடியை வைத்துத்தான் கூப்பிடுவார். சுருட்டை, வகிடு, முள்ளு என்று. அன்றைக்கு வந்து பார்த்தால் வரிசையாக மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம்.

"என்னடா இது? சுருட்டை எவிடே?"

நாலு பேர் கை தூக்கினோம். சுருட்டை நான் ஒருத்தன்தான்.

கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தலையில் முடி இருந்தது.

எல்லாரையும் முதலிலிருந்து ஆட வைத்தார். அக்கா வேலிக்கு வெளியே நின்றாள். நல்ல துணியில் சந்தனம் ஒட்டும் என்று என் பழைய டீசர்ட்டும் பேண்டும் போட்டிருந்தாள். பந்து வேலி தாண்டிப் போனது. காலால் நிறுத்தினாள். ஒரே அடி. நடுக் கிரவுண்டில் வந்து விழுந்தது.

"டேய் மொட்டை! வெளிய என்ன பண்றே? உள்ள வா!"

அக்கா வந்தாள். எங்கள் தெருப் பசங்கள் யாரும் மூச்சு விடவில்லை. பவர்லூம் ஷெட் பின்னால் எங்களுக்குப் பந்து ஆடக் கற்றுக் கொடுத்ததே அவள்தான். வயசுக்கு வந்ததும் அம்மா நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் அன்றைக்குத்தான் ஆடினாள்.

ரெண்டு பேரைத் தாண்டினாள். மூணாவதாக என்னைத் தாண்டினாள். கோலில் சாமுவேலு.

"அக்கா, மெதுவா! அக்கா!" என்று கத்தினான்.

அவள் மெதுவாக அடிக்கவில்லை.

கோச் விசில் ஊதினார். "அக்காவா?"

சாமுவேலு நாக்கைக் கடித்துக்கொண்டான். "உன் பேர் என்ன?" என்று அவளையே கேட்டார். சொன்னாள். பசங்களுக்கு வைக்கிற பேர் இல்லை.

கோச் வலைக்குள் கிடந்த பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார். "ஒரு பொண்ணுக்காக கம்பெனி ரூல மாத்தாது. ஒரு டீம் கொண்டு வா. பதினொரு பேர். அடுத்த ஞாயிறு ஆபீசர் வர்றார், நான் பேசறேன்."

"சரி சார்" என்றாள் அக்கா. எங்கள் தெருவில் பந்து ஆடுகிற பெண் அவள் ஒருத்திதான்.

என்னை அகாடமியில் சேர்த்துக்கொண்டார்கள். சாமுவேலையும். நைனா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். பின்னால் ஒன்பதாவதோடு எனக்குப் படிப்பும் நின்றது, ஆட்டமும் நின்றது. இப்போது ஆட்டோ ஓட்டுகிறேன்.

அக்கா உள்ளே இறங்கி ஆடியதையும் கோச் டீம் கேட்டதையும் வீட்டில் நான்தான் சொன்னேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"எத்தினி பேர் வேணுமாம்?"

அந்த வாரம் அம்மா வீட்டில் தங்கவில்லை. மத்தியானம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். நெசவுத் தெரு முழுக்கப் போனாள். சர்ச் தெருவுக்கும் போனாள். சாமுவேலு அம்மா மொட்டை விஷயத்தில் எங்கள் மேல் கோபமாக இருந்தார். அவர் வாசலிலும் போய் நின்றாள். பக்கத்து வீட்டில் அம்மா பேசியது என் காதில் விழுந்தது.

"என் பொண்ணு தலைய பாத்த இல்ல? வெக்கப்பட்டுகினு மூலைல உக்காந்துகினா கீறா? உன் பொண்ணுக்குத் தலை நிறைய முடி கீதே, உனக்கு இன்னாம்மா பயம்? அனுப்பு."

எனக்கு எரிச்சல். பெண்களும் வந்தால் பந்து பத்தாது, முட்டை பத்தாது. என் கவலை அவ்வளவுதான். ஆடாதே என்று நிறுத்தினவளே இப்போது எதற்கு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள் என்று விளங்கவில்லை. நைனாவைக் கேட்டேன். "போய் விளையாடுடா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டில் கோச்சும் கம்பெனி ஆபீசரும் நின்றார்கள். முன்னால் அம்மா வந்தாள். பின்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு பெண்கள். பாவாடையில், சுடிதாரில், ஸ்கூல் யூனிபார்மில். ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆபீசர் எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டார். நான் விடவில்லை.

இருபத்தி மூணு.