ஜெபம் தொடங்கினால் அலறும் பிள்ளை

எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் அக்கா, என் இரண்டு மாதக் குழந்தையின் மேல் பழி போட்டார். ஞாயிறு ஆராதனையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, சபை முழுவதும் கேட்கும்படி போட்டார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்கு நான் தரக்கூடிய மரியாதை அவ்வளவுதான்.

இது நடந்தது போன வருடம், சங்கரன்கோவிலில். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் பழையபடி ஆன வாரத்தில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம். என் அம்மா உயிரோடு இல்லை. அதனால் தாய்வீட்டுக்குப் போகிற பேச்சே இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கே வந்தேன். வீடு என்றால் முன்னால் இரண்டு அறை, பின்னால் ஒரு ஷெட். ஷெட்டில் நான்கு விசைத்தறிகள். என் கணவர்தான் ஓட்டுகிறார். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒன்பது வரை தடதடவென்று ஓடும். எங்கள் தெருவில் தறி வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். பிரசவத்துக்கு முந்தின வாரம் வரை நானும் அந்த ஷெட்டில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தவள். வருடக்கணக்காகத் தறிகளுக்கு நடுவே நின்றதில் என் கணவருக்குக் காது பாதி போய்விட்டது. எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் சண்டை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

நான் கர்ப்பமாக இருந்தபோது சபையில் எல்லாப் பெண்களும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். பிள்ளையைக் கையில் வாங்கிய நிமிடமே பட்ட வலியெல்லாம் மறந்துவிடும், உள்ளே அன்பு பொங்கும் என்றார்கள். எனக்கு வலி மறக்கவில்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பார்த்தேன். சிவப்பாக, சுருங்கிப்போய், யார்மேலோ கோபமாக இருந்தது. எதுவும் பொங்கவில்லை. பிள்ளையை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று அந்த நர்ஸ் திரும்பி வந்திருந்தால், சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டியிருப்பேன். பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், துணி துவைத்தேன். ஒரு வேலையும் குறை வைக்கவில்லை. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

எங்கள் சபையில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பெண்கள் சங்கத்தார் புதன்கிழமை மதியம் ஜெபிக்க வருவார்கள். தறி வைத்திருக்கும் விசுவாசிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்துக்கு ஆள் வந்தால் தறியை நிறுத்திவிடுவோம். ஞாயிற்றுக்கிழமையும் ஓட்ட மாட்டோம். ஆண்டவருக்குக் கொடுக்கிற மரியாதை அது.

பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆனதும், முதல் புதன் செயலாளர் அக்காவும் இன்னும் நான்கு பேரும் வந்தார்கள். என் கணவர் தறியை நிறுத்தினார். பாய் விரித்து உட்கார்ந்தோம். அதுவரை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை, பைபிளைத் திறந்ததும் வீறிட்டது. பால் கொடுத்தேன், துப்பியது. தோளில் போட்டேன், முதுகை வளைத்துக்கொண்டு கத்தியது. அவர்கள் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கித் தூங்கிவிட்டது.

அடுத்த புதனும் அப்படியே. அக்கா கண்களை மூடாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, இது சாதாரண அழுகை இல்ல. வேதத்தத் தொறந்தா அலறுதே, பாத்தியா?”

“வயித்து வலியா இருக்கும்க்கா.”

“வயித்து வலி புதங்கிழம மதியம் மூணு மணிக்குக் கரெக்டா வருமாக்கும்? ஒம் மனசுல என்னமோ இருக்கு. மறைக்காத. அறிக்கை பண்ணிரு.”

எனக்குத் தூக்கம் இல்லை, உடம்பில் தெம்பு இல்லை. அக்காதானே என்று நம்பி உண்மையைச் சொன்னேன். “பிள்ளையப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலக்கா” என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் குனிந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஞாயிறு ஜெபக் குறிப்பு நேரத்தில் அவர் மைக் முன்னால் போய் நின்றார். “நம்ம தறிக்காரர் வீட்டுல பொறந்த பிள்ளை ஜெபச் சத்தம் கேட்டா அலறுது. தாய்க்குப் பிள்ளை மேல பாசம் வரல. அந்த வீட்டுல உள்ள பிசாசின் தடை நீங்கும்படியா எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க.” பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. என் மடியில் இருந்தது அவர் சொன்னதற்குச் சாட்சி சொல்வதுபோல் கத்தியது. ஆராதனை முடிந்ததும் போதகர் என் கணவரை அழைத்து, பிள்ளையின் ஞானஸ்நானத்தை அடுத்த மாதம் வைக்க வேண்டாம், வீட்டில் ஒரு சமாதானம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் உள்ளே பயமும் இருந்தது. ஒருவேளை உண்மையோ? நான் நேசிக்காததால்தான் இந்தப் பிள்ளை இப்படி ஆனதோ?

பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பது என் சுபாவம் இல்லை. நூல் அடிக்கடி அறுந்தால் எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்போம். தறிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டோம். அதேபோல் இதையும் பார்ப்போம் என்று, சுவரில் தொங்கிய காலண்டரில் பழைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். எப்போது அழுகிறது, அப்போது வீட்டில் என்ன நடக்கிறது.

ஒரு வாரம் எழுதிவிட்டு வரிசையாகப் படித்துப் பார்த்தேன். புதன் ஜெபம், அழுகை. ஞாயிறு காலை முதல் மாலை வரை, அழுகை. தினமும் இரவு ஒன்பது மணிக் குடும்ப ஜெபத்தில் தொடங்கி நள்ளிரவில் அசந்து தூங்கும் வரை, அழுகை. பரிசுத்தமான நேரத்தையெல்லாம் தேடித் தேடி அழுதிருந்தது. அக்கா சொன்னது சரி என்றுதான் அந்தத் தாள் சொன்னது.

ஒரே ஒரு வரி மட்டும் ஒட்டவில்லை. மதியம் நாங்கள் சாப்பிட உட்காரும்போதும் தினமும் அழுதிருந்தது. சோற்றுக்கும் குழம்புக்குமா ஒரு பிள்ளை பயப்படும்? சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறோமே, அதனாலோ என்று ஒருநாள் ஜெபிக்காமலே சாப்பிட்டுப் பார்த்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக. அன்றும் அழுதது.

அடுத்த செவ்வாய், பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் நிறுத்தினார்கள். அன்றைக்கு யாரும் ஜெபிக்க வரவில்லை. நானும் பைபிளைத் தொடவில்லை. ஆனாலும் பிள்ளை காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது, அசந்து பத்து நிமிடம் தூங்குவதும் எழுந்து கத்துவதுமாகப் பகல் முழுவதும் ஓட்டியது. ஐந்து மணிக்கு நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் வந்தது. என் கணவர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார். நான்காவது தறி கிளம்பியதும் பிள்ளை பாதி அழுகையில் வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டது. கண் சொருகியது.

நான் அப்படியே நின்றேன். பிறகு கத்தினேன்.

“நிறுத்துங்க!”

“என்னது?”

“தறிய நிறுத்துங்க!”

“இப்பதானட்டி கரண்டே வந்திருக்கு?”

“நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!”

நிறுத்தினார். நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது எண்ணுவதற்குள் கண் திறந்தது, முகம் கோணியது, அழுகை. ஓட்டச் சொன்னேன். அழுகை நின்றது. மறுபடி நிறுத்தச் சொன்னேன். மறுபடி அழுகை. மூன்றாவது தடவை அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? இழை அறுந்துட்டு பாரு!”

“அறுந்தா முடிச்சுப் போடுங்க. ஒங்க மகளுக்குப் பிசாசும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ தறிக்காரி!”

அவர் பக்கத்தில் வந்து பிள்ளையைப் பார்த்தார், திரும்பித் தறியைப் பார்த்தார். “வயித்துக்குள்ள இருக்கும்போதே கேட்டிருப்பால்லா?” என்றார். எனக்குத் தோன்றாதது அந்த அரைச்செவிடருக்குத் தோன்றியது. ஒன்பது மாதமும் என் வயிற்றோடு சேர்ந்து அந்த ஷெட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள். தறிச் சத்தம் நின்றால் உலகமே நின்றுபோனது மாதிரி அவளுக்கு இருந்திருக்கிறது. நாங்கள் ஆண்டவருக்கு மரியாதை என்றும், மதியம் சாப்பாட்டுக்கு என்றும் தறியை நிறுத்தியபோதெல்லாம் அவள் பயந்திருக்கிறாள்.

அவளை இறக்கிப் பார்த்தேன். வாய் ஓரத்தில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பற்றி இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றியது. இன்னும் என்னென்ன இருக்கிறதோ, எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியது. எல்லாரும் சொன்ன அன்பு இதுதானா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது இப்படித்தான் வந்தது.

மறுநாள் புதன். தறியை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

“ஜெபிக்க வாராங்க, தறி ஓடுனா மரியாதையா இருக்குமா?” என்றார் என் கணவர்.

“ஓடட்டும். கர்த்தருக்குக் காது நல்லா கேக்கும். ஒங்களுக்குத்தான் கேக்காது.”

ஐந்து பேரும் வந்தார்கள். தறியை நிறுத்தச் சொன்னார் அக்கா. இன்றைக்கு நிறுத்துவதாக இல்லை என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார். தறிக்கு மேல் கேட்க வேண்டுமே என்று ஐந்து பேரும் தொண்டை கிழியக் கத்தி ஜெபித்தார்கள். என் மகள் கையைக் காலைப் பரப்பிப்போட்டுத் தூங்கினாள்.

“பாத்தியா! ஜெபம் கேக்கப்பட்டுட்டு! தடை நீங்கிட்டு! ஸ்தோத்திரம்!” என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. எழுந்து போய் நான்கு சுவிட்சையும் அணைத்தேன். பிள்ளை வீறிட்டாள். போட்டேன். அடங்கினாள். “இன்னொரு தடவ பாக்கீங்களாக்கா?” என்று கேட்டேன். கூட வந்தவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அக்கா சிரிக்கவில்லை.

மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகு, தண்ணீர் கேட்டு அவர் மட்டும் அடுப்படிக்கு வந்தார். டம்ளரை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நீ சொன்னல்லா, பிள்ளையப் பாத்தா ஒண்ணும் தோணலன்னு. மூத்தவன் பொறந்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துது. நாலஞ்சு மாசம்.”

“யார்ட்டயாவது சொன்னீங்களா?”

“அப்ப சங்கத்துல தலைவியா இருந்தவங்கட்ட சொன்னேன். பாவத்த அறிக்கை பண்ணுன்னாங்க. பண்ணுனேன்.”

“என்ன பாவம்?”

“என்னத்தையோ சொன்னேன். செய்யாத ஒண்ணச் சொன்னேன். விட்டாப் போதும்னு இருந்துது.” டம்ளரை மேடையில் வைத்தார். “வெளிய சொல்லிராத மக்கா.”

“நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன்” என்றேன்.

தெரியாமல் என் பிள்ளையின் மேல் பழி போட்டிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன்னிடம் வாங்கிய அறிக்கை பொய் என்று தெரிந்தே அதையே எனக்கும் செய்தார்.

போதகரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “அவசரப்பட்டுட்டேன்மா” என்றார். அவர் வரைக்கும் கணக்கு தீர்ந்தது. ஞானஸ்நானத்தன்று என் கணவர் தறிச் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து கொண்டுவந்தார். பிள்ளையின் துணிக்குள் போனை வைத்து, தடதடவென்று சத்தம் வர, நெற்றியில் தண்ணீர் விழுந்தது. அவள் அழவில்லை. சபை சிரித்தது.

ஆனால் செயலாளர் அக்கா மைக்கில் எதையும் திருத்தவில்லை. மூன்று ஞாயிறு பொறுத்தேன். நான்காவது ஞாயிறு அவர் சாட்சி சொல்ல எழுந்தார். ஜெபத்தினால் ஒரு குழந்தையின் தடை நீங்கியது என்றும், ஒரு தாயின் மனம் மாறியது என்றும் சொன்னார். சபை ஸ்தோத்திரம் சொன்னது.

நான் விசுவாசத்தை விட்டவள் இல்லை. ஜெபத்தைக் கேலி செய்யவும் இதை எழுதவில்லை. இப்போதும் என் மகள் அழுதால் முதலில் சுற்றுமுற்றும் பார்க்கிறேன், எது நின்றது, எது மாறியது என்று. அதன்பிறகு முழங்கால் போடுகிறேன். காரணம் தேடுகிற புத்தியைக் கொடுத்தவரிடம்தான் ஜெபிக்கிறேன் என்பதை அந்தப் பழைய காலண்டர் தாள் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அக்கா, அடுத்த மாதம் நம் சபையில் இன்னொரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். புதன்கிழமை அவள் வீட்டுக்கும் நீங்கள்தான் போவீர்கள். பிள்ளையைக் கையில் வாங்கி ஒன்றும் தோன்றாமல் அவளும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் காது கேட்க, சபை நடுவில் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். உங்கள் மூத்தவன் பிறந்தபோது நீங்கள் அறிக்கை செய்தீர்களே, அந்தப் பாவத்தை நீங்கள் செய்தீர்களா, இல்லையா?