பனித்தளத்தில் சொன்ன ஓம்

எழுத வருவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தும் பழக்கமில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாற்பத்தெட்டு வயதில் ஐஸ் ஹொக்கி பழகப் போனேன். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும், இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண் ஒருத்திதான் கூட்டிப்போனாள். டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில், பெரியவர்களுக்கான தொடக்கக் குழு.

உடம்பைச் சூடாக்க எப்போதும் ஒரே விளையாட்டுத்தான். நடுவட்டத்துக்குள் எல்லோரும் நிற்போம். ஆளுக்கொரு பக், அதாவது கறுப்பு ரப்பர் வட்டு. தன்னுடையதை மட்டையால் காக்க வேண்டும். மற்றவர்களுடையதை வட்டத்துக்கு வெளியே தட்டிவிட வேண்டும். பக்கை இழந்தவர் ஓரத்தில் போய் நிற்க வேண்டும். ஐந்து கிழமையாக முதலில் வெளியேறியது நான்தான். அடுத்தவரின் பக்கைத் தட்ட எனக்கு மனம் வராது. ஆறாம் கிழமையும் முதல் ஆளாகப் போனால் இனி வருவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

"அக்கா, சாமி கும்பிடுறமாதிரிக் குனிஞ்சு நிக்காதேங்கோ," என்றாள் அவள். "வாற ஆளைப் பாருங்கோ."

நிமிர்ந்து பார்த்தேன். பனியிலிருந்து மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளிச்சத்தில் ஆட்கள் கால்களே இல்லாதவர்கள் போல வழுக்கிப் போனார்கள். தலைக்கவசத்துக்குள் எல்லாச் சத்தமும் எங்கோ தூரத்தில் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். குனிந்தபோது என் பக் இல்லை.

விசில் ஒலித்தது. "போனது உன்னுடையதா?" என்று பயிற்றுநர் டேனிஷில் கேட்டார்.

வாயில் பல்லுக்குக் காப்பு. பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

"ஓம்."

எங்கள் ஊரில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள்; டேனிஷிலும் அதே ஒலியில் ஒரு சொல் உண்டு, டேனிஷ்காரரின் காதில் அது 'திரும்பவும்' என்று விழும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை உயர்த்தினார். "சரி, எல்லோரும் முதலிலிருந்து!"

நான் திருத்தவில்லை.

"அக்கா, பெரிய கள்ளி நீங்கள்!" சிரித்த சிரிப்பில் அவளுடைய மட்டை கீழே விழுந்தது.

இந்த முறை வருபவர்களுக்கு முதுகைக் காட்டி, என் பக்கை மறைத்துக்கொண்டு சுற்றினேன். உயரமான ஒருவரின் பக் என் முன்னால் வந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தட்டினேன். அது வட்டத்தைத் தாண்டி, ஓசையில்லாமல், நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர்தான் முதலில் ஓரத்துக்குப் போனார். அடுத்தது நான்.

மறுநாள் எனக்குக் காலை வேலை. இடது முழங்கால் வீங்கியிருந்தது. அடுத்த பயிற்சிக்கு வருவதாகக் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன்.