முதல் டிவி யார் வீட்டில்?

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவிக்கு நடை மெல்லத் திரும்பிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் "ம்"தான். எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி மீன்கடையில் அவள் பேரம் பேச ஆரம்பித்தால் கடைக்காரர் கும்பிடு போடுவார். அப்படிப்பட்ட வாய் இனி திறக்கவே திறக்காதோ என்று பயந்துபோயிருந்தேன்.

தோப்பும்படியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், "சேட்டா, அவங்களுக்குப் பிடிச்சதைப் பேசுங்க. ஆனா வார்த்தையை நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்றாள். பொறுமையை என்னிடமா கேட்பது? இருந்தும் தலையாட்டினேன்.

அவளுக்குப் பிடித்தது டிவி. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு என் கைக்கு எட்டாமல் வைத்திருப்பவள். அதனால் தினமும் சாயா நேரத்தில், டிவி பிறந்த கதைகளைப் போனில் மலையாளத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். ஆரம்பகாலச் சோதனையில் விளக்குச் சூட்டை மனுஷன் தாங்க மாட்டான் என்று ஒரு பொம்மைத் தலையை வைத்துப் படம் காட்டினார்களாம். "மூஞ்சி அசையாத நடிப்பு சீரியலுக்கு முன்னாடியே வந்தாச்சு, பார்த்தியா!" என்றேன். "ம்." முதலில் வந்த ரிமோட்டுக்கு நீளமான வயர் உண்டாம், அதில் தடுக்கி விழுந்தவர்களும் உண்டாம். "ம்." சேனல் இல்லாதபோது திரையில் பொரியுமே, அந்தப் புள்ளிகளில் கொஞ்சம் பிரபஞ்சம் பிறந்தபோது கிளம்பிய ஒளியின் மிச்சமாம். எனக்கே மெய் சிலிர்த்தது. அதற்கும் "ம்"தான். அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் கையில் கதை இல்லை. சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டேன். "நம்ம தெருவுக்கு முதல்ல டிவி வந்தது எங்க வீட்டுக்காக்கும்."

இது தெருவில் தீராத வழக்கு. அவள் பிறந்தது எதிர்வீட்டில். ஒரே ஓணத்துக்கு இரண்டு வீட்டிலும் டிவி வாங்கினார்கள். என் அப்பா அவசரப்பட்டு, பெட்டி வருவதற்கு முன்பே ஓட்டின் மேல் ஆன்டெனாவை ஏற்றிப் பெருமையடித்தார். அந்த வெறும் ஆன்டெனாவை வைத்துத்தான் நாங்கள் இன்னமும் வாதாடுகிறோம்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எ..." என்றாள். அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயாவில் ஆடை கட்டியது.

"எங்க... வீடு."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் விடவில்லை. "ஆன்டெனா முதல்ல யார் வீட்டுல?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னை நோக்கி விரலை நீட்டினாள். "நீங்க... எங்க... சன்னல்ல."

உண்மைதான். எங்கள் பெட்டி வரும்வரை அவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்து நின்று படம் பார்த்தவன் நான். ஒத்துக்கொண்டேன். கல்யாணமானதிலிருந்து அவளிடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். சந்தோஷமாகத் தோற்றது அன்றைக்குத்தான்.